சொந்தக்காரர் கூடாது

1

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு வெந்நீர்க் குழாய்க்குக் காய்ச்சல் பார்த்தார்கள். பார்த்தவர் பெயர் லின். ஐம்பது வயதிருக்கும். வெப்பமானியைத் தண்ணீரில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கூர்ந்து பார்த்துவிட்டு, குழந்தையின் கை வெந்துபோகும் அளவுக்குச் சூடு இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரில் குளித்துவரும் என் மகள் நந்தினி பக்கத்தில் நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கோயமுத்தூரில் இதைப் படிப்பவர்களுக்கு விளக்கிவிடுகிறேன். இங்கே ஆக்லாந்தில் வேலைக்குப் போகும் தாய் தகப்பன் குழந்தையைக் காப்பகத்தில் விடலாம். அல்லது தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவரிடம் விடலாம். ஆனால் அந்தப் பெண் நினைத்த மாத்திரத்தில் குழந்தையைக் கை நீட்டி வாங்கிவிட முடியாது. அதற்கென்று இருக்கும் அலுவலகம் வீட்டைச் சோதித்து, ஆளைச் சோதித்து, அனுமதி கொடுக்க வேண்டும். கோவையில் எட்டு வருடம் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். இந்த ஊரில் போட்ட விண்ணப்பத்துக்கெல்லாம் 'வருந்துகிறோம்' என்றே பதில் வந்தது. இத்தனை பேரை வருந்தவைத்தது போதும் என்று இந்த அனுமதிக்கு மனுப் போட்டேன். இதுவும் கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை. என் வீட்டுக்காரர் சம்பளத்தில் குடும்பம் ஓடிவிடும். எனக்குத்தான் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து பைத்தியம் பிடித்துவிடும்.

அந்த அலுவலகத்திலிருந்து வந்த லின் எல்லாவற்றையும் பார்த்தார். சாமி அலமாரியில் தீப்பெட்டி குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. சமையல் மேடைக்குக் கீழே பாத்திரம் கழுவும் சோப்பு இருக்கிறது. பின்பக்க வேலியில் ஒரு பலகை இல்லை, குழந்தை நுழைந்து போய்விடும். அதெல்லாம் போகாது என்றார் என் வீட்டுக்காரர். நந்தினியை விட்டுக் காட்டச் சொன்னார் லின். ஏழு வயதுப் பெண் நுழைந்து, பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து கையாட்டினாள். குக்கர் விசில் அடித்தபோது மட்டும் லின் எழுதுவதை நிறுத்திவிட்டு, அது எதற்கான அலாரம் என்று கேட்டார். பருப்பு வெந்ததற்கு என்றேன்.

காபி கொடுத்தேன். சோதனைக்கு வந்த இடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாதென்பது விதி என்று சிரித்தபடி மறுத்தார். விதி சரிதான். ஆனால் நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாமென்றால் அதற்குக் காரணம் விதியாக இருக்காது.

போகும்போது ஒரு படிவம் கொடுத்தார். குழந்தைகளோடு நான் எப்படிப் பழகுவேன் என்று நேரில் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர் அதை நிரப்பி நேராக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருப்பவராக இருந்தாலும் சரி, எந்த மொழியில் எழுதினாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனையைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். சொந்தக்காரர் கூடாது.

நானும் என் வீட்டுக்காரரும் அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தோம். எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். சொந்தமில்லாதவர் என்று நாங்கள் நினைத்திருந்த ஒருவரும், யோசித்துப் பார்த்ததில், என் வீட்டுக்காரரின் சித்தப்பாவுக்குப் பெண் கொடுத்த வகையில் சொந்தமாகிவிட்டார். நம் ஊரில் ஒருவரை நம்புவதற்கு எது தகுதியோ அதையே இங்கே தகுதிக்குறைவு என்று வைத்திருக்கிறார்கள்.

"ஏன், ஜெயாக்கா இருக்குதல்ல? அதுக்கு எழுதிப்போடு" என்றார் என் வீட்டுக்காரர், கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதைத்தான் அவர் சொல்லிவிடக் கூடாதே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

நந்தினி கைக்குழந்தையாக இருந்தபோது வேலாண்டிபாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். தொண்ணூற்று மூன்றாம் வருடம். அவளுக்குப் பதினோரு மாதம் ஆனபோது, என் பிரசவ விடுப்பு, சம்பளமில்லாத விடுப்பு, மேலதிகாரியின் பொறுமை எல்லாம் வரிசையாகத் தீர்ந்துவிட்டன. என் மாமியார் தொண்டாமுத்தூரிலிருந்து வந்து பார்த்துக்கொண்டார். ஆறாவது வாரம், தோப்புக்குள் யானை இறங்கிவிட்டதென்று சொல்லி ஆள் வந்தது. கிளம்பிவிட்டார். யானை இரண்டே நாளில் மலையேறிவிட்டது. மாமியார் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் யானைக்கு இருக்கும் செல்வாக்கு எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

பக்கத்திலேயே ஜெயா என்று ஒருவர் தன் வீட்டில் மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போனோம். ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் சின்ன வாசல். சுவரில் இயேசு படம். ஜெயாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். தன் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். பிள்ளையை விடப்போகும் இடம் பாதுகாப்பானதா என்று தெரிந்துகொள்ள வந்த நான் கேட்ட முதல் கேள்வி இது.

"சொந்த ஊரு எதுங்க?"

"பெருந்துறைப் பக்கமுங்க."

"பெருந்துறையில எங்கீங்க?"

ஒரு சிற்றூரின் பெயரைச் சொன்னார்.

"ஊருக்குள்ளீங்களா?"

இந்தக் கேள்வியின் அர்த்தம் லின்னுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். என்ன சாதி என்று கேட்காமலே கேட்டு முடிக்க நாம் வைத்திருக்கும் வழி இது. ஊருக்குள் இருப்பவர்கள் எங்களைப் போலத் தோட்டம் வைத்திருப்பவர்கள். வெளியே இருப்பவர்கள் அந்தத் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். 'ங்க' சேர்த்துக் கேட்டுவிட்டால் மரியாதையும் கெடாது.

"வெளியதானுங்க" என்றார் ஜெயா. "முந்தி வெளிய. இப்பத் தொழிற்பேட்டை வந்ததுல ஊரு எங்களத் தாண்டி அக்கட்டால போயிருச்சுங்க."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

எத்தனை வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு யார் யார் வந்துபோவார்கள், குழந்தைக்குப் புரையேறினால் என்ன செய்வார் என்றும் கேட்கவில்லை. வாசலில் தரையோடு தரையாகத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சிறுவாணித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் ஊரில் தொட்டியில்லாத வீடு ஏது? அதன் மேல் ஒரு மரப்பலகை கிடந்தது. அந்தப் பலகையின் மேல் கால் வைத்துத்தான் உள்ளே போனேன், பார்க்கக்கூட இல்லை.

கேள்வி கேட்டது ஜெயாதான். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும், தண்ணீருக்கு என்ன சொல்லும், எதைக் கண்டால் பயப்படும் என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்தபோதே, சமையலறைப் பக்கம் தவழ்ந்துபோன ஒரு குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காலை நீட்டி மறித்தார்.

"உங்களத் தவர வேற ஆரு வந்து கேட்டாலும் கொழந்தையக் குடுக்கமாட்டனுங்க. அப்பாவே வந்தாலும், நீங்க மொதல்ல ஆளக் காட்டிக்குடுத்திருக்கோணும்."

"நாந்தானுங்க அப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சுங்க."

3

வேறு வழியில்லாமல்தான் ஒத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஒன்று சொன்னேன்.

"டாக்டரு சொல்லியிருக்காருங்க, இவளுக்கு வெளிச் சாப்பாடு வயித்துக்குச் சேராதுன்னு. தண்ணி, சாப்பாடு, டம்ளர் எல்லாம் நாங்களே குடுத்து உட்டர்றமுங்க."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஜெயா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"ஆகட்டுங்க" என்றார்.

நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. பாதுகாப்பு என்ற சொல் எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

தினமும் காலையில் ஒரு இடுப்பில் நந்தினியும் மறு தோளில் அவள் பையுமாகப் போவேன். காய்ச்சி ஆற்றிய தண்ணீர் ஒரு பிளாஸ்க்கில், பருப்புச் சாதம் ஒரு டப்பாவில், ராகிக் கூழ் இன்னொன்றில், டம்ளர், ஸ்பூன், விரிப்பு. குழந்தையைவிடப் பைதான் கனம். மாலையில் டப்பாக்கள் கழுவித் துடைத்துத் திரும்பிவரும். ஒரு பருக்கை மிச்சமிருக்காது. நந்தினிக்குக் கன்னம் வைத்தது. நடக்கத் தொடங்கினாள். என் ராகிக் கூழின் மகிமை அலுவலகம் முழுக்கப் பரவி, இரண்டு பேர் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார்கள். ராகியை முளைகட்டி அரைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நாலாவது மாதம் ஒருநாள், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இறந்துபோனதால் அலுவலகத்தை மதியமே மூடிவிட்டார்கள். நான் நேரே ஜெயாக்கா வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவரை அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்தேன். கூப்பிடுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

நாலு குழந்தைகளும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரே தட்டு. கீரை கடைந்து பிசைந்த சாதம், வேகவைத்த முட்டை. ஜெயாக்கா உருண்டை பிடித்து வரிசையாக ஊட்டிக்கொண்டிருந்தார். நந்தினி முறை வருவதற்கு முன்பே வாயைத் திறந்தாள்.

"உம்முறை இல்லடா கண்ணு, இப்பத் தம்பி முறை."

நந்தினி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வீட்டில் ஒரு வாய் இறங்குவதற்கு என்னைத் தெருக்கோடி வரை நடக்கவைக்கும் பெண். நான் கொடுத்துவிட்ட டப்பா திறந்து பக்கத்தில் கிடந்தது. அந்தச் சாதமும் தட்டில் சேர்ந்திருந்தது.

ஜெயாக்கா என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

"வாங்கம்மணி. மத்ததுக திங்கறதப் பாத்து அழுகறாளுங்க. தனியாக் குடுத்தா எறங்கமாட்டீங்குது. எல்லாத்தையும் ஒண்ணாப் பெசஞ்சு ஊட்டிப்போட்டனுங்க. மொத வாரமே சொல்லோணும்னுதான் இருந்தேன், நீங்க வெசனப்படுவீங்கன்னு உட்டுட்டனுங்க." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வெயில்ல வந்திருக்கறீங்க. காபி வெக்கட்டுங்களா?"

"இப்பத்தானுங்க குடிச்சுட்டு வாரேன்" என்றேன். காலை பத்து மணியிலிருந்து என் நாக்கில் ஒரு சொட்டு பட்டிருக்கவில்லை.

4

படிவம் மூன்று நாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தோடு தொங்கியது. அதற்குள் கோவைப் போலீஸ் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் வந்துசேர்ந்தது. என்னை ஒருநாளும் பார்த்திராதவர்கள், நான் நல்லவள் என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். பார்த்தவரிடம் கேட்பதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை.

இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டுமென்று லின்னுக்குப் போன் செய்தேன். எட்டு வருட அலுவலகப் பழக்கத்தில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று லின் திருப்பிக் கேட்டார்.

போனை வைத்ததும் நந்தினி சொன்னாள். "அம்மா, இங்க யாருமே அப்படிச் சொல்லமாட்டாங்க. எங்க டீச்சர்கிட்டப் பேசும்போது அதச் சொல்லிடாதே, ப்ளீஸ்."

அவளுக்கு இப்போது தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் பாதிதான் வரும், கண்ணால் பார்த்தால் கோலம். பள்ளிக்கூட வாசலுக்கு ஐம்பது அடி முன்னாலேயே என் கையை விட்டுவிடுகிறாள். குழந்தைகள் பெரிதாவது இப்படித்தான் என்று லின் சொல்வார். இருக்கலாம். எனக்கு வலிக்கிறது.

நாலாம் நாள் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'நலம், நலமறிய ஆவல்' வரை தடையில்லாமல் வந்தது. நந்தினி எதிரே உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு லெட்டர்?"

"ஜெயாக்கான்னு ஒருத்தங்க. குட்டியா இருக்கும்போது உன்னப் பாத்துக்கிட்டவங்க."

"நைஸா இருப்பாங்களா?"

"ரொம்ப."

"அப்புறம் ஏன் நிறுத்தினோம்?"

"அவங்க வீட்டுல தண்ணித் தொட்டி இருந்துச்சு. நீ விழுந்துருவேன்னு பயம்."

பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு நீலத்தை எடுத்துக்கொண்டாள். என் பதிலை ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

5

அந்தத் தொட்டிக் கதையைத்தான் ஜெயாக்காவிடமும் சொன்னேன். முட்டைச் சாதம் பார்த்த மறுநாள் அது. "வாசல்ல தொட்டி பலகையோட கெடக்குதுங்க. நடக்கற புள்ள. எனக்கு ஆபீஸ்ல உக்கார முடியறதில்லீங்க" என்றேன். சொன்னது பொய்யில்லை. தொட்டி ஆபத்தானதுதான். ஆனால் அது நேற்று முளைத்ததில்லை.

"எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லி இரும்பு மூடி செஞ்சு பூட்டுப் போட்டர்றனுங்க. ரண்டு நாள் டைம் குடுங்க."

"இல்லீங்க, வேற எடம் பாத்துட்டமுங்க."

அவர் வற்புறுத்தவில்லை. பிளாஸ்க்கைத் துடைத்துப் பையில் வைத்துக்கொடுத்தார். நந்தினி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னிடம் வர மறுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவரே அவளை என் கையில் கொடுத்தார். வழியெல்லாம் அழுதாள். தெருவில் பார்த்தவர்களிடம் பல் முளைக்கிறது என்றேன்.

வேறு இடம் என்றது வடவள்ளியில் இருந்த ஒரு அத்தை வீடு. சொந்த அத்தை இல்லை, அத்தை முறை. எங்கள் ஆட்கள். பெரிய காம்பவுண்டு, இரும்பு கேட், தென்னை மரம். பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால், பொழுது போகும், குழந்தையைக் கொண்டுவந்து விடு என்றார். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அத்தை முறையிடம் போய், என் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் அவமரியாதை. ஜெயாக்காவிடம் ஊர்க்கதை எல்லாம் கேட்டுவிட்டு நம்பவில்லை. இங்கே எதையும் கேட்காமல் நம்பினேன். டப்பாவும் கொடுத்துவிடவில்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள் தலைவலி என்று மதியம் கிளம்பி வந்தேன். கேட்டில் பூட்டுத் தொங்கியது. அத்தை நந்தினியையும் கூட்டிக்கொண்டு எங்கோ போயிருக்கிறார் என்று நினைத்து மரத்தடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் வந்தது.

என் பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். கேட்டில் ஏறினேன். சேலை கம்பியில் மாட்டிக் கிழிந்து, விழுந்தேன். பக்கத்து வீட்டில் ஆளில்லை. உள்ளே அவள் "ம்மா, ம்மா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள், நடுவில் எதுவோ உருண்டு விழுந்த சத்தம், பிறகு மறுபடியும் அழுகை. ஏதோ உருண்டதற்கும் அழுகைக்கும் இடையிலிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் கடக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினார் அத்தை. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் தாம்பூலப் பை.

"அட அம்மணி, எப்ப வந்தே? சீருக்குப் போயிருந்தேன். தூங்கற புள்ளைய எதுக்கு எழுப்பறதுன்னு உட்டுப்போட்டுப் போனேன். இன்னிக்கு எந்திரிச்சுட்டாளாட்டருக்குது." பூட்டைத் திறந்தார். "மூஞ்சியெல்லாம் வேத்துக் கெடக்குது. உக்காரு கண்ணு, காபி வெக்கறேன்."

நந்தினி கதவுக்குப் பின்னால் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் வரவில்லை. ஒரு ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அடிபடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது. 'இன்னிக்கு' என்று அவர் சொன்னதில் மற்ற நாட்களும் இருந்தன, அதையும் கேட்கவில்லை. காபி வந்தது. குடித்தேன். டிகாக்‌ஷன் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒருமுறை ஜெயாக்கா வீட்டுக்கு, அவரிடம் கேட்டுப் பார்க்கலாமென்று, நந்தினியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் தொட்டிக்குப் புது இரும்பு மூடி போட்டிருந்தது. சிவப்பு பெயிண்ட், ஓரத்தில் பூட்டு. உள்ளே குழந்தைகள் சத்தம். கூப்பிட முகமில்லாமல் அப்படியே திரும்பிவிட்டேன். அதன் பிறகு அந்தத் தெரு வழியாக நான் போகவே இல்லை.

6

இதையெல்லாம் கடிதத்தில் எழுதவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்க நினைத்த வரியை இரண்டுமுறை எழுதி அடித்தேன். படிவத்தின் கேள்விகளைத் தமிழில் எழுதிவைத்து, முடிந்தால் நிரப்பி அந்த அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள் என்று எழுதித் தபாலில் போட்டேன். பதில் வராது என்று உள்ளுக்குள் தெரியும்.

ஆறு வாரம் கழித்து லின் கூப்பிட்டார். பதில் வந்திருக்கிறது. அலுவலகம் அதை மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் கொடுத்திருந்தது. "எல்லாம் விளங்குது பிள்ளை, 'பொழுதோட' எண்டால் எப்ப?" என்று அவர் எனக்கே போன் பண்ணிக் கேட்டார். சாயங்காலம் என்றேன். லின் மொழிபெயர்ப்போடு மூலத்தின் நகலையும் அனுப்பிவைத்தார். ஜெயாக்கா பேசுவது போலவே எழுதியிருந்தார்.

எவ்வளவு காலமாகத் தெரியும்? 'நாலு மாசம் பழக்கமுங்க. அப்புறம் ஆறு வருசமாப் பழக்கமில்லீங்க.'

குழந்தையிடம் எப்படி நடந்துகொள்வார்? 'காலைல உட்டுப்போட்டுப் போறப்ப மூணு வாட்டி திரும்பிப் பாப்பாங்க. பொழுதோட ஓடியாருவாங்க. ஒருநாளும் நேரங்கழிச்சு வந்ததில்லீங்க. குடுத்து உடற சாப்பாடு சுத்தமா இருக்கும். நாலு கொழந்தைகளும் தின்னுருக்குதுங்க.'

கோபப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 'கோவம் வந்தாக் காட்டமாட்டாங்க. வேற காரணம் சொல்லுவாங்க.'

இவர் வீட்டில் உங்கள் குழந்தையை விடுவீர்களா? 'அவிங்க ஊட்டுக்குள்ள நான் போனதில்லீங்க. பாக்காத ஊட்டப் பத்தி எழுதமாட்டனுங்க. பாத்துப்போட்டு வேணாச் சொல்றனுங்க.'

லின்னுக்கு அந்தக் கடைசிப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடியும் போன் செய்தார். "எத்தனையோ படிவம் படித்திருக்கிறேன். வீட்டைப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று எழுதியவர் இவர் ஒருவர்தான். இவர் இங்கே இருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வேன்" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "நாலு மாதம் உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் ஒருமுறைகூட உங்கள் வீட்டுக்குள் வந்ததில்லையா?"

"வீடு தூரம்" என்றேன்.

"ஓ, சரி." எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வந்துவிடும் என்றார்.

போனை வைத்தேன். நந்தினி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ தூரம்?"

"எது?"

"அவங்க வீடு."

"ரெண்டு தெரு" என்றேன். வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"ரெண்டு தெரு தூரமே இல்ல. எங்க ஸ்கூலே அதவிட ஃபார்." டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை முழுக்க எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? ஜெயாக்காவுக்குத் தெரியப்போகிறதா? வியாழக்கிழமை நந்தினி பள்ளிவிட்டு வந்து டிவியைப் போட்ட பிறகு, லின்னை நானே கூப்பிட்டேன். அன்று சொன்ன ஒரு பதில் தப்பு, திருத்த வேண்டும் என்றேன். இதனால் அனுமதி கிடைக்காமல் போகலாம், தெரியும் என்றும் சொன்னேன். பேனா எடுத்துக்கொள்கிறேன், சற்றுப் பொறுங்கள் என்றார்.

"வீடு தூரமில்லை. ஒருநாள் நந்தினிக்குக் காய்ச்சல். நான் அன்று அரைநாள் லீவில் வீட்டில் இருந்தேன். மழையில் ஜெயாக்கா அவளை முந்தானைக்குள் மூடித் தூக்கிக்கொண்டு எங்கள் கேட் வரைக்கும் வந்தார். முழுக்க நனைந்திருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். அவரை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கேட்டைச் சாத்திவிட்டேன்."

லின் எழுதுவது நின்றது.

"ஏன்?" என்றார்.

அந்தக் கேள்வியை இந்த வயதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது மெதுவாகத்தான் வந்தது. நந்தினி டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.